பார்ப்போர் கண்ணும் வரைவோர் கையும்

உரைநடை உலகம்

எழுதுகோல் பிடித்த கை இன்று ஒளிரும் திரையின்மேலும் வரைகிறது. தாளும் மையும் இன்றிப் பிறக்கும் எண்ணிம ஓவியத்தில் பிழையை நொடியில் அழித்துவிடலாம். ஆனால், எது பிழை என்பதைக் கருவி நமக்குச் சொல்வதில்லை. அதைக் காட்டப் பிறர் கண் வேண்டும். பயிற்சியும் பின்னூட்டமும் இணையும் இடத்தில்தான் கலை வளர்கிறது. அவ்விரண்டையும் மாணவர் கைக்கொள்ளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கண்ணுள் வினைஞர்

ஓவியத்தை ஓவு, ஓவம், சித்திரம், வட்டிகைச் செய்தி எனப் பல சொற்களால் தமிழர் குறித்தனர். வண்ணம் தீட்டப்பெறாத கோட்டோவியத்திற்குப் 'புனையா ஓவியம்' என்று பெயரிட்டனர். ஓவியரைக் குறிக்க மதுரைக்காஞ்சியில் வரும் 'கண்ணுள் வினைஞர்' என்னும் சொல் எண்ணி மகிழத்தக்கது. காண்பவர் கண்ணிலே தம் தொழிலை நிறுத்துபவர் என்று அதற்கு நச்சினார்க்கினியர் பொருள் உரைக்கிறார். சுவரிலோ துணியிலோ தீட்டினாலும், ஓவியரின் வினை நிறைவுறும் இடம் பார்ப்பவரின் கண்ணே என்பது அவ்வுரையால் விளங்குகிறது.

வரைபவரின் மனத்தில் முழுப்படமும் முன்பே குடியிருக்கிறது. ஆதலால், படத்தில் விடுபட்டதை அவருடைய மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. பார்ப்பவருக்கு அவ்வாறு நிரப்பிக்கொள்ள வழியில்லை. கண்முன் உள்ளதை மட்டுமே அவர் காண்கிறார். எனவே, வரைந்தவர் எண்ணியது பார்ப்பவரைச் சென்றடைந்ததா என்பதைப் பார்ப்பவரிடம் கேட்டே அறிய வேண்டும்.

படைப்பைப் பிறர்முன் வைத்துக் கருத்துக் கேட்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறிய செய்தியைப் பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் தெரிவிக்கிறது. இலக்கண நூலுக்கே அவையின் கண் தேவைப்பட்டது எனின், கண்ணையே களமாகக் கொண்ட ஓவியத்திற்கு அது தேவையென்று சொல்லவும் வேண்டுமோ?

திரைக்கு வந்த தூரிகை

1963ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஐவன் சதர்லேண்ட், 'ஸ்கெட்ச்பேட்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் கணினித் திரையைத் தொட்டுக் கோடுகள் வரைய அது வழிசெய்தது. 1990இல் 'ஃபோட்டோஷாப்' வெளிவந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பயின்ற மாணவர் இருவர் 1995இல் தொடங்கிய முயற்சி, 'கிம்ப்' என்னும் கட்டற்ற மென்பொருளாக மலர்ந்தது. இன்று கிம்ப், கிருத்தா, இங்க்ஸ்கேப் போன்ற கட்டற்ற மென்பொருள்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று மாணவர் தயங்க வேண்டியதில்லை. பள்ளிக் கணினி ஆய்வகத்தின் சுட்டெலியும் கைப்பேசித் திரையைத் தொடும் விரலும் தொடக்கப் பயிற்சிக்குப் போதுமானவை.

இக்கலை இளையோர்க்கு மட்டும் உரியதன்று. 1937இல் பிறந்த ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி, எழுபது வயதைக் கடந்த பின்னர், 2009இல் கைப்பேசியிலும் 2010 முதல் ஐபேடிலும் வரையத் தொடங்கினார். 2011ஆம் ஆண்டு யார்க்‌ஷயர் பகுதியில் வேனில் வந்த காட்சியை அவர் ஐபேடில் வரைந்தார். அவ்வோவியங்கள் பெரிய தாள்களில் அச்சேறி, 2012இல் இலண்டன் அரச கலைக்கழகத்தின் கண்காட்சியில் இடம்பெற்றன. அவர் பயன்படுத்திய 'பிரஷஸ்' என்னும் செயலியில், தீட்டிய கோடுகளைத் தீட்டிய வரிசையிலேயே மீண்டும் ஓட்டிக் காட்டும் வசதி இருந்தது. கைதேர்ந்த ஓவியருக்கும் தாம் வரையும் முறையைத் தாமே பார்க்கும் வாய்ப்பை அது அளித்தது.

புள்ளியும் அடுக்கும்

மார்கழி விடியலில் வாசலில் இடும் கோலத்திற்குப் புள்ளிகளே அடிப்படை. திரை ஓவியத்திற்கும் அவ்வாறே. 'பிக்சல்' எனப்படும் படப்புள்ளிகள் நிரைநிரையாக அமைந்து படமாகின்றன. ஏ4 அளவுத் தாளில் ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் செறிவில் அச்சிட வேண்டுமெனில், படம் 2480 புள்ளி அகலமும் 3508 புள்ளி உயரமும் கொண்டிருத்தல் வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள்! ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகள் கலக்கின்றன. ஒவ்வோர் ஒளிக்கும் 256 படிநிலைகள் உண்டாதலால், 1,67,77,216 வண்ணங்கள் கிடைக்கின்றன. அச்சு இயந்திரமோ ஒளியைக் கலப்பதில்லை, மையைக் கலக்கிறது. திரையில் பளிச்சிட்ட பச்சை, பள்ளி ஆண்டு மலரில் மங்கித் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

எண்ணிம ஓவியத்தின் சிறப்புக் கூறுகள் இரண்டு. ஒன்று, அடுக்கு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போல, வானம் ஓர் அடுக்கிலும் மரம் மற்றோர் அடுக்கிலும் மனிதர் வேறோர் அடுக்கிலும் அமையும். ஒன்றைத் திருத்தினால் மற்றவை கெடுவதில்லை. மற்றொன்று, செய்ததை மீட்கும் வசதி. ஒரு பொத்தானை அழுத்தினால் தவறிய கோடு மறைந்து முந்தைய நிலை திரும்பும். நீர்வண்ண ஓவியத்தில் ஒரு துளி சிதறினால் ஒரு நாளைய உழைப்பு வீணாகலாம். இங்கோ திருத்தத்திற்கு விலையே இல்லை.

விலையில்லாத இத்திருத்தத்தில் இடர் ஒன்றும் மறைந்திருக்கிறது. ஒரே கோட்டை நாற்பது முறை வரைந்து நாற்பது முறையும் அழிக்கும் மாணவர், கையின் உறுதியை வளர்ப்பதில்லை. அழிக்கும் விரலையே பழக்குகிறார். திரையைப் பெரிதாக்கிக் கண்ணிமை மயிரைத் தீட்டிக்கொண்டிருப்பவர், முகமே ஒருபுறம் சாய்ந்திருப்பதைக் காணத் தவறுகிறார். ஆகவே, இவ்வசதிகளுக்கு முறையான பயிற்சி கரையாக அமைதல் வேண்டும்.

பயிற்சியின் முறை

ஆண்டர்ஸ் எரிக்சன் என்னும் உளவியலாளரும் அவர்தம் குழுவினரும் பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களை ஆராய்ந்து, 1993இல் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். தன் குறையைக் கண்டறிந்து, அக்குறையை நீக்குவதற்கென்றே திட்டமிட்டுச் செய்யும் பயிற்சியை அவர்கள் 'திட்டமிட்ட பயிற்சி' என்று வேறுபடுத்திக் காட்டினர். தெரிந்ததையே மீண்டும் செய்வது பொழுதுபோக்கு. தெரியாததைத் தேடிச் செய்வது பயிற்சி.

திரை ஓவியம் பயிலும் மாணவர் சில எல்லைகளைத் தமக்குத் தாமே வகுத்துக்கொள்ளலாம். முதல் வாரம் கருமை, வெண்மை, சாம்பல் ஆகிய நிறங்களும் ஒரே தூரிகையும் போதும். சாளரத்தின் அருகே பித்தளைச் செம்பு ஒன்றை வைத்து, ஒளி படும் பக்கம், நிழற்பக்கம், தரையில் விழும் நிழல் ஆகியவற்றை மட்டும் தீட்டலாம். மீட்கும் பொத்தானை அரைமணி நேரம் தொடுவதில்லை என்று உறுதி பூணலாம். ஒரு காட்சியைத் தொடங்கும்முன், தீப்பெட்டி அளவில் நான்கைந்து குறும்படங்கள் வரைந்து, அவற்றுள் சிறந்த அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு நாளின் படத்தையும் நாளிட்டுத் தனிக்கோப்பாகச் சேமித்தல் நன்று. மூன்று திங்கள் கழித்து அக்கோப்புகளை வரிசையாகத் திறந்தால், வளர்ச்சி கண்முன் தெரியும்.

பிறரிடம் காட்டும்முன் நாமே செய்யக்கூடிய சோதனைகள் மூன்று. படத்தை இடம்வலமாகத் திருப்பினால், பழகிய கண்ணுக்கு மறைந்திருந்த கோணல் வெளிப்படும். வண்ணத்தை நீக்கிச் சாம்பல் நிறத்தில் பார்த்தால், ஒளியும் நிழலும் பிரிந்து நிற்கின்றனவா என்பது புலப்படும். அஞ்சல்தலை அளவிற்குச் சுருக்கினால், படத்தின் மையப்பொருள் எடுப்பாகத் தெரிகிறதா என்பது விளங்கும். இம்மூன்றும் நம் கண்ணைச் சிறிதுபொழுது பிறர் கண்ணாக மாற்றும் வழிகள். எனினும், அவை பிறர் கண்ணுக்கு ஈடாகா.

மூன்று மறுமொழிகள்

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மார்கழி அதிகாலையைத் திரையில் தீட்டினாள் என்று கொள்வோம். தெருவிளக்கின் கீழே ஒரு பெண் குனிந்து கோலமிடுகிறாள். பின்னே ஓட்டு வீடு; சற்றுத் தொலைவில் பனிமூட்டம். பத்து நாள் உழைத்த அப்படத்தை மூவரிடம் காட்டுகிறாள்.

முதலாமவர், "மிக அருமை!" என்கிறார். மாணவி மகிழ்கிறாள். ஆனால், அடுத்த படத்தில் எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாமவர், "உனக்கு ஓவியம் வராது, படிப்பைக் கவனி" என்கிறார். அவர் படத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. வரைந்தவளைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிட்டார். மூன்றாமவர் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "பனியில் விளக்கொளி கரைவது குளிரை உணர்த்துகிறது. விளக்கு இடப்புறம் நிற்கிறது. அப்பெண்ணின் நிழலும் இடப்புறமே விழுகிறது. கோலம் நேர் மேலிருந்து பார்த்ததுபோல் வட்டமாக இருப்பதால், தரையில் படியாமல் சுவரில் மாட்டியதுபோல் தெரிகிறது. சேலையின் நிறமும் சுவரின் நிறமும் ஒரே அடர்த்தியாக இருப்பதால், அவளைத் தேடித்தான் காண வேண்டியுள்ளது."

மூன்றாமவர் கூறியவற்றுள் பாராட்டு ஒன்று, குறைகள் மூன்று. இருந்தும் மாணவி மனம் தளரவில்லை. ஏனெனில், ஒவ்வொரு குறையும் படத்தில் ஓரிடத்தைச் சுட்டுகிறது; ஒவ்வொன்றுக்கும் அன்றே செய்யக்கூடிய திருத்தம் உண்டு. நிழலின் அடுக்கை வலப்புறம் மாற்றலாம். கோலத்தின் அடுக்கைச் சாய்வாக அழுத்தி நீள்வட்டமாக்கலாம். சுவரைச் சற்றே இருளச் செய்யலாம். பயனுள்ள பின்னூட்டத்தின் இலக்கணம் இதுவே: அது படைப்பைப் பற்றிப் பேசும், இடம் சுட்டிப் பேசும், காரணம் கூறும், அடுத்த செயலுக்கு வழிகாட்டும்.

ஆறு முறை வரைந்த வண்ணத்துப்பூச்சி

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்சி நகரப் பள்ளி ஒன்றில் பயின்ற முதல் வகுப்புச் சிறுவன் வரைந்த வண்ணத்துப்பூச்சி, ஆசிரியர் உலகில் பெயர்பெற்றது. கல்வியாளர் ரான் பெர்கர் அதனைப் பல வகுப்பறைகளில் காட்டி விளக்கியுள்ளார். புலிவரி வண்ணத்துப்பூச்சியின் ஒளிப்படத்தைப் பார்த்து வரைவதே சிறுவனுக்குக் கொடுக்கப்பட்ட பணி. முதல் படத்தில் அவன் படத்தைப் பார்க்கவில்லை. மனத்திலிருந்த பொதுவான பூச்சியையே வரைந்தான். உடன்பயிலும் சிறுவர்கள் ஒளிப்படத்தையும் அவன் படத்தையும் ஒப்பிட்டு, முதலில் இறகின் வடிவத்தைப் பற்றி மட்டும் பேசினர். இறகு உருண்டையாக இராமல் முக்கோணமாகக் கூர்ந்திருக்க வேண்டும் என்றனர். வடிவம் அமைந்த பின்னரே, இறகின் வரிகளைப் பற்றிக் கூறினர். ஆறாம் முறை வரைந்து வண்ணம் தீட்டிய படமோ, ஆறு வயதுக் குழந்தையின் கைவண்ணம் என்று நம்ப இயலாத அளவிற்குத் துல்லியமாக அமைந்தது.

அச்சிறுவன் வரைந்தது தாளில். எனினும், அவன் வகுப்பினர் பின்பற்றிய முறை திரை ஓவியத்திற்கும் பொருந்தும். பின்னூட்டம் அன்புடையதாகவும் குறிப்பானதாகவும் உதவக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும் என்பது பெர்கர் வகுத்த நெறி. பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்லும் வரிசையும் கருதத்தக்கது. முதலில் அமைப்பு, பின்னர் உருவ அளவு, அதன்பின் ஒளி நிழல், பிறகு வண்ணம், இறுதியில் நுண்வேலை என்று திருத்தம் செல்ல வேண்டும். அமைப்பே மாறவிருக்கும் படத்தில் நகைகளின் மணிகளை எண்ணித் திருத்துவது பயனற்ற உழைப்பு.

தெரியுமா?

எண்ணிம ஓவியத்திற்குப் பின்னூட்டம் தருபவர், வரைந்தவரின் இசைவு பெற்று, படத்தின் மேலே புதிய அடுக்கு ஒன்றைத் திறந்து, அதில் சிவப்புக் கோட்டால் திருத்தத்தை வரைந்து காட்டலாம். அவ்வடுக்கை மறைத்தால் மூலப்படம் சிறிதும் மாறாமல் அப்படியே இருக்கும். இசைவின்றி மூல அடுக்கில் கைவைத்தல் தகாது.

கேட்பதும் ஒரு கலை

"எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால், "நன்றாக இருக்கிறது" என்னும் பொதுவான விடையே கிடைக்கும். "விடியற்காலை என்பது தெரிகிறதா?", "உங்கள் கண் முதலில் எங்கே சென்றது?", "அப்பெண்ணின் கை இயல்பாக உள்ளதா?" என்று கேட்டால், விடையும் கூர்மை பெறும். படத்தை முடித்தபின் கேட்பதைவிடப் பாதி நிலையில் கேட்பது சிறந்தது. முடிந்த படத்தின்மேல் பற்று மிகும். பற்று மிகுந்தால் திருத்தம் கசக்கும்.

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன், படைப்பைப் பற்றி உரையாடுவதற்கு நான்கு படிகள் கொண்ட முறை ஒன்றை உருவாக்கினார். முதற்படியில், படைப்பில் தம்மைத் தொட்டது எது என்பதைப் பார்ப்பவர்கள் கூறுவர். இரண்டாம் படியில், படைத்தவர் தம் ஐயங்களை அவர்களிடம் வினவுவார். மூன்றாம் படியில், பார்ப்பவர்கள் தீர்ப்புக் கலவாத வினாக்களைத் தொடுப்பர். நான்காம் படியில், படைத்தவரின் இசைவைப் பெற்ற பின்னரே தம் கருத்தைச் சொல்வர். நடனத்திற்குப் பிறந்த இம்முறையை ஓவியத்திற்கும் பயன்படுத்தலாம். "ஏன் இவ்வளவு இருட்டாக வரைந்தாய்?" என்பதில் குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. "இந்த இருளுக்கு நீ கருதிய பயன் என்ன?" என்பதில் அது இல்லை.

மதிப்பெண்ணும் மறுமொழியும்

பின்னூட்டம் எப்போதும் நன்மையே தருமா? அவ்ராகம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்னும் ஆய்வாளர்கள் 1996இல் 600க்கும் மேற்பட்ட ஆய்வு முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். சராசரியாகப் பின்னூட்டம் திறனை உயர்த்தியது. ஆயினும், மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டவற்றில் அது திறனைக் குறைத்திருந்தது! செய்பணியிலிருந்து கவனத்தை விலக்கி, 'நான் எத்தகையவன்' என்னும் எண்ணத்தின்பால் திருப்பும் பின்னூட்டம் பயன் குன்றுகிறது என்று அவர்கள் விளக்கினர். "உனக்கு வராது" என்னும் இகழ்ச்சி மட்டுமன்று, "நீ பிறவிக் கலைஞன்" என்னும் புகழ்ச்சியும் இவ்வகையிலேயே அடங்கும். அப்புகழைக் கேட்டவர், அதை இழக்க அஞ்சிப் புதியதை முயலாமல் நின்றுவிடவும் கூடும்.

ரூத் பட்லர் என்னும் கல்வி உளவியலாளர் இசுரேல் நாட்டு மாணவர்களிடையே செய்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. ஒரு குழுவிற்கு மதிப்பெண்ணும், ஒரு குழுவிற்குக் கருத்துரையும், வேறொரு குழுவிற்கு இரண்டும் தரப்பட்டன. கருத்துரை மட்டும் பெற்றோரிடம் ஆர்வமும் திறனும் மேம்பட்டன. இரண்டையும் சேர்த்துப் பெற்றோரிடம் அப்பயன் காணப்படவில்லை. எண்ணைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது போலும். விருப்பக் குறிகளின் எண்ணிக்கையைக் கொண்டு தம் படத்தை அளக்கும் இளையோர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது.

ஏற்பதும் விடுவதும்

சொன்னவை அனைத்தையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. பின்னூட்டத்தைக் கேட்டவுடன் மறுத்துப் பேசாமல் எழுதிவைத்து, ஒருநாள் கழித்துப் படிப்பது நல்வழக்கம். மூவர் ஒரே இடத்தைச் சுட்டினால், அங்கே ஏதோ தடை இருப்பது உறுதி. ஒருவர் மட்டும் சுட்டினால், அது அவருடைய சுவையாகவும் இருக்கலாம். தடை எது என்பதைப் பார்ப்பவர் சொல்லலாம். அதை நீக்கும் வழியைத் தேர்வது வரைந்தவரின் உரிமை. நம் மாணவி, நிழலையும் கோலத்தையும் திருத்திவிட்டு, சேலையின் நிறத்தை மாற்றாமல் விட்டுவிடலாம். இருளில் யார் கண்ணிலும் படாமல் உழைக்கும் பெண்ணைக் காட்டுவதே அவள் நோக்கமாயின், அம்மங்கல் குறையாகாது, கருத்தாகும். அவ்வாறு காரணத்தோடு மறுப்பதும் வளர்ச்சியே.

பிறர் படத்தைப் பார்த்துப் பயில்வதில் தவறில்லை. ஆனால், பார்த்து வரைந்ததை அவ்வாறே அறிவித்தல் வேண்டும். மறைத்துப் பெறும் பாராட்டு, வரைந்தவரைச் சேராது. பின்னூட்டமும் அவருக்குப் பயன்படாது.

ஆசிரியரிடம் கேட்பதால் கிடைக்கும் புலமை கால்பங்கு; உடன்பயில்வோரொடு பழகுவதால் கிடைப்பது இன்னொரு கால்பங்கு; பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது நன்னூல் காட்டும் கணக்கு. நண்பரின் படத்தை உற்றுநோக்கி, நிழல் தவறிய இடத்தைக் கனிவோடு சுட்டும் மாணவர், தம் அடுத்த படத்தில் அதே தவற்றை எளிதில் செய்வதில்லை. பின்னூட்டம் பெறுபவருக்கு மட்டுமன்றித் தருபவருக்கும் அது பாடமாகிறது.

கோலத்தை இன்று அழித்து நாளை மீண்டும் இடுகிறோம். நேற்றுத் தவறிய புள்ளியை, வாசலில் நின்று பார்த்த பாட்டியின் ஒரு சொல் இன்று சரிசெய்கிறது. திரை ஓவியம் பயிலும் மாணவருக்கு வேண்டுவனவும் அவையே: நாள்தோறும் குனிந்து வரையும் கை, அருகே நின்று உள்ளதை உள்ளவாறு அன்போடு சொல்லும் கண்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள பாத்திரம் ஒன்றைச் சாம்பல் நிறங்களை மட்டும் கொண்டு கணினியிலோ கைப்பேசியிலோ தாளிலோ மூன்று நாள் வரைந்து, மூன்று படங்களையும் ஒப்பிட்டு வேறுபாடுகளை எழுதுக.

2. வகுப்பில் நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, லிஸ் லெர்மனின் நான்கு படிகளைப் பின்பற்றி ஒருவர் ஓவியத்தைப் பற்றி உரையாடுக.

3. "மிக அருமை", "சரியில்லை" என்னும் இரு மறுமொழிகளையும் நீங்கள் பார்த்த ஓவியம் ஒன்றிற்குப் பொருந்தும் பயனுள்ள பின்னூட்டங்களாக மாற்றி எழுதுக.